அம்புக்குறி வந்த பின் கேம்களில் யோசிக்க என்ன மிச்சம்?

ரங்கூன்வாசி:

பள்ளியில் படித்த காலத்தில், அனோரதா சாலையை ஒட்டிய குறுக்குத் தெரு ஒன்றில் இருந்த கேம் கடையில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து மோரோவிண்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுவேன். 2002இல் வெளிவந்த அந்த விளையாட்டில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. முதல் வேலையே ஒரு பொட்டலத்தைப் பால்மோரா நகரில் கையஸ் என்பவரிடம் சேர்ப்பதுதான். அவர் வீடு எங்கே என்பதை அங்குள்ள ஒரு மதுவிடுதியில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும், எந்தப் பாறைக்கு அப்பால் திரும்ப வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொள்வேன். மின்வெட்டு வந்த இரவுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தக் குறிப்புகளை வைத்துப் பென்சிலால் வரைபடம் போடுவேன்.

2006இல் அதே தொடரின் அடுத்த விளையாட்டாக வந்த ஒப்ளிவியன் அம்புக்குறியைக் கொண்டுவந்தது. மோரோவிண்டில் நம் பாத்திரத்துக்கு 27 ஆக இருந்த திறன்கள் அதில் 21 ஆகி, 2011இல் ஸ்கைரிமில் 18 ஆகச் சுருங்கின. ஈட்டி போயிற்று, காற்றில் மிதக்கும் மந்திரம் போயிற்று, வலிமை, அறிவு முதலான எட்டுப் பண்புகளும் கடைசியில் போயின. அதே தொடர் ஒவ்வொரு படியிலும் எளிமையாகிக்கொண்டே வந்ததை வளர்ச்சி என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தட்டோன் தமிழன்:

அண்ணன் எண்ணிக்கையையும் ஆழத்தையும் ஒன்றாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகளோடு படை நடத்திப் போரிடும் விளையாட்டான எக்ஸ்காமில், 1994இல் வந்த முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கும் திரும்புவதற்கும் குனிவதற்கும் சுடுவதற்கும் தனித்தனியாக நேர அலகுகள் கழியும். விமானத்தில் 14 வீரர்களை ஏற்றிச் சென்று, ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2012இல் அதைப் புதிதாகச் செய்தவர்கள் வீரர்களை நான்கில் தொடங்கி ஆறோடு நிறுத்தினார்கள். ஒரு வீரனுக்கு ஒரு முறைக்கு இரண்டே செயல்கள் என்றார்கள். நான் இரண்டையும் முடித்திருக்கிறேன். பழையதில் ஒரு வீரன் செத்தால் அடுத்தவனை அனுப்புவேன். புதியதில் ஒருவனை இழந்தால் படையில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது என்பதால், ஒரு சுவருக்குப் பின்னால் இருந்து அடுத்த சுவருக்கு ஓடலாமா என்பதற்கே நெடுநேரம் யோசித்திருக்கிறேன்.

நம் வீட்டுப் பாட்டிகள் தரையில் கோடு போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடிய விதிகள், அவ்வளவுதான். அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று யாராவது சொல்வார்களா? கடினமான விளையாட்டுகளும் அழிந்துவிடவில்லை. வேலைப் பட்டியலே தராத எல்டன் ரிங் 2022இல் வந்து இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விதிகள் மண்டிக்கிடக்கும் பால்டர்ஸ் கேட் 3 அடுத்த ஆண்டே அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

பகோ மலர்:

இருவரும் கணினி வைத்திருந்தவர்களின் கதையைப் பேசுகிறீர்கள். 2014இல் இங்கே மியான்மரில் சிம் அட்டை மலிவாக 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவில் பெரும்பாலோர் முதன்முதலாக விளையாடியதே தொலைபேசியில்தான். இரு அணிகள் மோதும் கணினி விளையாட்டான டோட்டாவில் வாங்கிய பொருளைச் சுமந்து வர ஒரு தூதுப் பிராணி வேண்டும். செத்தால் கையிலுள்ள பொன்னும் குறையும். அதே வகைத் தொலைபேசி விளையாட்டான மொபைல் லெஜண்ட்ஸில் இரண்டும் இல்லை. ஆனாலும் 2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நம் நாட்டு பர்மீஸ் கூல்ஸ் அணி பிலிப்பைன்ஸ் அணியிடம் மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றபோது, அந்த ஏழு ஆட்டங்களையும் பார்த்தவர்கள் அதை எளிய விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மிய மொழிப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசிய எனக்கு, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வழி சொல்லும் விளையாட்டு மூடிய கதவுதான். அண்ணன் வெறுக்கும் அந்த அம்புக்குறிதான் எனக்குக் கதவைத் திறந்தது.

ரங்கூன்வாசி:

மலர் தங்கை சொன்னதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நானும் ஆடினேன், ஆனால் அந்த அகராதியை வாங்கிக் கொடுக்க எனக்கு ஓர் அப்பா இருந்தார். எண்ணிக்கையைப் பற்றித் தம்பி சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனக்குறை எங்கே இருக்கிறது என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை.

அம்புக்குறி வேண்டாதவர் அணைத்துவிட்டு ஆடலாமே என்று பலரும் சொல்வார்கள். நான் ஸ்கைரிமில் அதைச் செய்து பார்த்தேன். குகைக்குப் போய் ஒரு பொருளை எடுத்து வா என்கிறார் ஒருவர். அந்தக் குகை எந்தத் திசையில், எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று பெரும்பாலும் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. அம்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் வழி சொல்லும் பேச்சையே எழுதாமல் விட்டுவிட்டார்கள். 2022இல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக்கில் ஒரு புதிருக்கு முன்னால் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள், கூட வருபவர் என்ன செய்ய வேண்டும் என்று வாயைத் திறந்துவிடுகிறார். விதிகள் எத்தனை வேண்டுமானாலும் குறையட்டும். விழிக்கவும் தப்பான பக்கம் போகவும் எனக்கு இருந்த நேரத்தை ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

தட்டோன் தமிழன்:

இந்த இடத்தில் அண்ணன் சொல்வது சரி. அணைக்க வழி வைத்துவிட்டு, அணைத்தால் ஆட முடியாதபடி செய்வது விருப்பத் தேர்வு ஆகாது. ஆனால் இதைக் காலத்தின் குற்றமாகச் சொல்லாதீர்கள். செலவு ஏற ஏறக் கோடிக்கணக்கானோருக்கு விற்றாக வேண்டும், ஒருவர்கூட வழி தெரியாமல் பாதியில் விட்டுவிடக் கூடாது என்ற அச்சம் பெரிய நிறுவனங்களை இப்படிச் செய்ய வைக்கிறது. சின்னக் குழுக்கள் அந்த அச்சம் இல்லாமல் இன்றும் செய்துகொண்டிருக்கின்றன.

பகோ மலர்:

அப்படியானால் அம்பும் இருக்கட்டும், வழி சொல்லும் பேச்சும் இருக்கட்டும். அந்தப் பேச்சை எழுதுகிறவர்கள் பர்மிய மொழியிலும் தமிழிலும் தந்தால், அம்பை நானே அணைத்துவிடுவேன். அண்ணா, அந்தக் கணக்கு நோட்டு இன்னும் உங்களிடம் இருந்தால் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.