அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: பினாங்கில் உதவிக்கு முதலில் யாரை அணுகுவது?

பிறைமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 52. பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறையில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாக ஆப்பரேட்டராக வேலை செய்கிறார். சென்ற மாதம் குளிக்கும்போது வலது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பயாப்சி (திசுப் பரிசோதனை) செய்து பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றும், இரண்டாம் கட்டம் என்றும், ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும் ஹெர்2 பாசிட்டிவ் வகை என்றும் மருத்துவர் கூறினார். அறுவைச் சிகிச்சைக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்ட வேண்டும் என்றும், கீமோவும் அதன்பின் ஓராண்டுக்குப் போட வேண்டிய ஊசியும் தனிச் செலவு என்றும் கணக்குப் பிரிவில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவின் நிறுவனக் காப்புறுதியில் ஆண்டுக்கு 10,000 வெள்ளிதான் வரம்பு.

அப்பா லோரி ஓட்டுகிறார், ஓடினால்தான் சம்பளம். நான் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். தம்பி இவ்வாண்டு எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். நகையை விற்று முன்பணத்தைக் கட்டிவிடு என்கிறார் மாமா. வாட்ஸ்அப்பில் அம்மாவின் படத்தைப் போட்டு உதவி கேள் என்கிறார் சித்தி. அம்மாவோ, எல்லாருக்கும் தொல்லையாக இருக்கிறேன், மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நேற்றிரவு சீருடையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தார். எங்கிருந்து தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. இவ்வழியே சென்றவர்கள் யாராவது இருந்தால், முதலில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி எழுதியது:

தங்கச்சி, முதலில் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என் மனைவிக்கும் இதே நோய்தான். சிகிச்சை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இன்று காலை சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

அந்த முன்பணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். தனியார் மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் கையிருப்பு தீர்ந்து அரசாங்க மருத்துவமனைக்கு மாறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நகை, சேமிப்பு எல்லாம் அறுவைச் சிகிச்சையோடு போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் நீண்ட சிகிச்சை ஆரம்பமாகிறது. பயாப்சி அறிக்கை, திசு மாதிரியின் ஸ்லைடுகள், ஸ்கேன் பதிவான சிடி, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத் தனியார் மருத்துவமனையிடம் கேட்டு வாங்குங்கள். பிறையிலிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைதான் பக்கம். அறுவைச் சிகிச்சைப் பிரிவின் முகப்பில், "பயாப்சியில் உறுதியாகிவிட்டது" என்ற சொல்லை முதலிலேயே சொல்லிக் கடிதத்தைக் காட்டுங்கள். வெறும் கட்டி என்று சொன்னால் தேதி தள்ளிப்போகும், உறுதியான புற்றுநோய் என்றால் முன்னுக்குக் கொண்டுவருவார்கள். புற்றுநோய் நிபுணரைப் பார்க்கத் தீவில் உள்ள பினாங்குப் பொது மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நாங்கள் போனபோது மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளியும் நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளியும் கட்டினோம். நான் கேட்டது தவறாக இருக்குமோ என்று சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

நீங்கள் தட்ட வேண்டிய கதவு, அந்த மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு. மலாயில் ஜாபத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று பலகையில் எழுதியிருக்கும். நாமாக நேரே போவதைவிட, மருத்துவரிடம் "சமூகப்பணி அதிகாரியைப் பார்க்கக் கடிதம் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. அரசாங்க மருத்துவமனையில் கையிருப்பில் இல்லாத மருந்தையோ கருவியையோ மருத்துவர் எழுதித் தந்தால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு, அதாவது தாபோங் பந்துவான் பெருபாத்தானுக்கு, விண்ணப்பத்தைத் தயாரித்து அனுப்புவது இந்த அதிகாரிகள்தான். ஹெர்2 வகைக்குப் போடும் டிராஸ்துஸுமாப் ஊசிதான் பல குடும்பங்களைச் சாய்க்கும் செலவு. அதற்கு ஒத்த பயோசிமிலர் மருந்துகள் வந்த பிறகு விலை இறங்கியிருக்கிறது என்றாலும் அரசாங்க மருத்துவமனைகளில் இத்தனை பேருக்குத்தான் என்ற வரையறை உண்டு. எனவே முதல் சந்திப்பிலேயே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவசரம் என்று பயந்து முதல் இரண்டு ஊசிகளைக் கடன் வாங்கி வெளியில் வாங்கிவிட்டு, பிறகு ரசீதை எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனேன். முன்னமே வாங்கியதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது, இனி வாங்க வேண்டியதற்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட பின்புதான் வாங்க வேண்டும், வாங்கிய பின்பு கேட்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். கீமோவுக்குப் பின் கொடுத்த குமட்டல் மாத்திரைகளை என் மனைவி நாள்காட்டித் தாளில் மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். "அடுத்த தடவைக்கு ஆகும், காசு மிச்சம்" என்றார். அதுவரை மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தார். அந்த மாத்திரை மருத்துவமனையில் கொடுத்தது, அதற்குத் தனியாக ஒரு காசும் கட்டவில்லை என்பது கூட அவருக்குத் தெரியாது. எதற்குப் பணம், எதற்குப் பணமில்லை என்பதை அம்மாவிடம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் இப்படித்தான் மறைவாக மிச்சம் பிடிப்பார்கள்.

சம்பளக்கணக்கு எழுதியது:

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். மேலே எழுதிய ஐயா மருத்துவமனைப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் ஒன்றே ஒன்றைச் சொல்ல வந்தேன்: அம்மா இப்போது ராஜினாமாக் கடிதம் கொடுக்கவே கூடாது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் அதற்கென 60 நாள் உண்டு. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள், மருத்துவ விடுப்பு போக, தனியாகக் கிடைக்கிறது. இவை சம்பளத்தோடு கூடிய விடுப்பு. அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பை எழுத்து மூலம் கேளுங்கள். வேலையை விட்ட அன்றே நிறுவனக் காப்புறுதியும் போய்விடும். 10,000 வெள்ளி சிறியது என்று நினைக்க வேண்டாம், அரசாங்க மருத்துவமனையின் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகை.

அடுத்தது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு. விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று நம்மவர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோயினால் உழைக்க முடியாமல் போனவர்களுக்கு அதில் இயலாமைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 60 வயதுக்குள் இருந்து, விண்ணப்பம் கொடுப்பதற்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதங்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், முழுத் தகுதி உண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இடைவிடாமல் சந்தா கட்டிவந்த உங்கள் அம்மா வேலையை விட்டுவிட்டு விவரம் தெரியாமல் வீட்டில் இருந்தால், 16 மாதங்களுக்குப் பிறகு இந்த 40 மாதக் கணக்கில் தகுதி கரையத் தொடங்கிவிடும் (மொத்தச் சந்தாக் காலத்தை வைத்துப் பார்க்கும் இன்னொரு வழியும் உண்டு, அதையும் சொக்சோவில் கேளுங்கள்). பதினாறு ஆண்டு கட்டிய சந்தா இருந்தும் காலம் தாழ்த்தி வந்ததால் சிக்கலில் மாட்டிய ஒரு தொழிலாளியின் விண்ணப்பத்தை நானே கையில் வைத்துக்கொண்டு கண்கலங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு அந்த ஓய்வூதியம் கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சொக்சோவின் மருத்துவக் குழு பார்த்து, நலமாக உள்ள ஒருவர் ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இவரால் இனி ஈட்ட முடியாது என்று சான்று சொன்னால்தான் அது உண்டு. இரண்டாம் கட்ட நோயிலிருந்து குணமாகி வேலைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், உங்கள் அம்மாவும் அப்படித் திரும்ப வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். அப்படித் திரும்புகிறவர்களுக்கும் சொக்சோவில் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. எப்படியானாலும் வேலையில் இருக்கும்போதே சொக்சோ அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் போய் விவரம் கேளுங்கள்.

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பற்றி: கடுமையான நோய்க்கான மருத்துவச் செலவுக்கு அதன் ஒரு பிரிவான செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். அம்மாவின் கணக்கிலிருந்து மட்டுமல்ல, பெற்றோரின் சிகிச்சைக்காகப் பிள்ளையான நீங்களும் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் இது கடைசியில் தொட வேண்டிய பணம். முதலில் மானியம், பிறகு காப்புறுதி, அதன் பிறகுதான் இபிஎஃப். வருமான வரி கட்டும் அளவுக்கு உங்கள் சம்பளம் இருந்தால் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வரிவிலக்கு உண்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர் எழுதியது:

ஒரே ஒரு மாற்றுக் கருத்து. அரசாங்க மருத்துவமனையில் ஸ்கேனுக்கான தேதி தள்ளிப்போனால், அந்த ஸ்கேனை மட்டும் தனியாரில் எடுத்துவிடுங்கள். என் அக்காவுக்கு அப்படித்தான் செய்தோம், மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம், சிடியை ஏற்றுக்கொண்டார்கள். மற்றபடி ஐயா சொன்னதே சரி.

செராஸ் தமிழ்ச்செல்வி எழுதியது:

நான் கோலாலம்பூரில் இருந்து எழுதுகிறேன். என் அம்மாவை ஐந்தாண்டுகள் பார்த்துக்கொண்டேன், கடைசி நான்கு மாதங்கள், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். 1991ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை இலவசமாகச் செய்துவருகிறார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன், இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கும் என்று குறிப்பிடுகிறேன்.

மாத உதவித்தொகைக்கு மக்னாவிடம் விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் மன்றம் அது. மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி படிவத்தில் இருக்கும், எனவே கிளினிக் நாளன்று அதைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு கையெழுத்துக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் எஸ்டிஆர் (அரசாங்க உதவித்தொகை) பணம் வருகிறது என்றால், குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40ஐயும் கேளுங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும், போக்குவரத்துக்கென்று தனித் தொகையும் அதில் உண்டு.

பணத்தைத் தவிர இன்னொரு துணையும் அம்மாவுக்கு வேண்டும். மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் அம்மா பல நாட்கள் கோயிலுக்கு வரவில்லை. புடவை ஒரு பக்கம் தட்டையாகத் தெரிகிறது என்பதை என்னிடம் சொல்லக்கூட அவருக்குக் கூச்சம். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்துக்கு அழைத்துப் போனபோது, அதே நோயிலிருந்து மீண்ட ஓர் அம்மா கதவைச் சாத்திவிட்டு, உள்ளாடைக்குள் வைக்கும் மெத்தென்ற செயற்கை மார்பகத்தை எப்படிப் பொருத்துவது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். என் அம்மா திரும்பி வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் பூ வாங்கினார்.

வாட்ஸ்அப்பில் அம்மாவின் படத்தையும் அடையாள அட்டையையும் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முறை வெளியே போன படம் திரும்பி வராது. யாரோ வேறு கணக்கு எண்ணைப் போட்டு அதையே பரப்பி, எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் போலீசுக்கு அலைந்தது. அம்மாவும் தன் படம் கைக்குக் கை மாறுவதை விரும்பமாட்டார்.

உறவினர்கள் "என்ன செய்யட்டும்" என்று கேட்டால் பணத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு உணவு சித்தி, கிளினிக் நாளன்று கார் மாமா, தம்பியின் டியூஷனுக்குக் கொண்டுவிடுவது பக்கத்து வீட்டு அண்ணன் என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், மலேசியாவும் அதில் ஒன்று, 48 விழுக்காட்டினர் தங்கள் குடும்ப ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கும் மேலாகக் கைப்பணத்தைச் சிகிச்சைக்குச் செலவழித்திருந்தனர். இத்தனை குடும்பங்கள் இதே கணக்கோடு மல்லுக்கட்டுகின்றன என்று தெரிந்த பிறகுதான் உதவி கேட்பதில் எனக்கிருந்த வெட்கம் போனது.

பிறைமகள் எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முன்பணத்தைக் கட்டவில்லை. தனியார் மருத்துவமனையிலிருந்து அறிக்கைகளும் கடிதமும் வாங்கிவிட்டோம், ஸ்லைடுகளுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. செபராங் ஜெயாவில் நீங்கள் சொன்னபடியே சொன்னேன், வரும் வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சமூகப்பணி அதிகாரியைப் பார்க்க அப்பாவின் வருமானச் சான்று வேண்டும் என்றார்கள். லோரி முதலாளி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அது போதுமா, அல்லது வேறு ஏதேனும் இணைக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவிடம் 16 மாதக் கணக்கை விளக்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை மடித்து வைத்திருந்த சீருடையைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலை வேனில் ஏறினார், ராஜினாமாக் கடிதத்துக்காக வாங்கி வைத்திருந்த உறையில் மனிதவளப் பிரிவுக்கு என் கையெழுத்தில் எழுதிய விடுப்பு விண்ணப்பம் இருந்தது.

ஆயர் ஈத்தாம் வாசி எழுதியது:

முதலாளியின் கடிதத்தில் அவருடைய தொலைபேசி எண்ணும் மாதச் சராசரித் தொகையும் இருக்கட்டும். அதோடு அப்பாவின் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வீட்டு வாடகை ரசீது, தண்ணீர், மின்சாரக் கட்டண ரசீதுகள், தம்பியின் பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். வியாழக்கிழமை காலை 7 மணிக்கெல்லாம் போய்விடுங்கள், 8 மணிக்கு மேல் கார் நிறுத்த இடம் கிடைக்காது. பின்னாளில் தீவுக்கு வரவேண்டியிருக்கும்போது, தம்பி மட்டும் மருந்து வாங்க வருவதானால் மோட்டார் சைக்கிளில் வரட்டும், பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை.