போர் தண்ணியில பிஎச் 8.2, கார்டினல் டெட்ரா வளர்க்க வழி உண்டா?

வணக்கம் மக்களே. சென்னை வேளச்சேரி, மூணடி மீன் தொட்டி, போர் தண்ணி. சொட்டு விட்டுப் பார்க்குற கிட்ல பிஎச் 8.2, கேஎச் (பிஎச்சை மாறவிடாம பிடிச்சு வைக்கிற கார்பனேட் கடினத்தன்மை) 14. கப்பியும் மோலியும் ஜோரா குட்டி போடுது, அதுங்களுக்குக் கடினத் தண்ணிதான் பிடிக்கும். இப்போ வீட்டுல பொண்ணு கார்டினல் டெட்ராதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. அதுவோ தென் அமெரிக்காவோட ரியோ நீக்ரோ ஆத்து மீன், அமிலத்தன்மையுள்ள மென்னீர்ல வளர்றது.

கடைக்காரர் பிஎச் குறைக்கிற பொடி கொடுத்தார். போட்டதும் 7.2க்கு இறங்குது, மறுநாள் காலையில 8ஐத் தாண்டிடுது. கேஎச் இவ்வளவு இருந்தா போடுற அமிலத்தையெல்லாம் அது விழுங்கத்தான் செய்யும். தினமும் இப்படி ஏறி இறங்குறது 8.2ஐவிட மீனுக்கு மோசம், அதனால பொடியை நிறுத்தியாச்சு. பிஎச் குறையும்னு வாதாம் இலையும் போட்டுப் பார்த்தேன், தண்ணி டீ கலரானதுதான் மிச்சம். தொட்டியில கிடக்குற சரளைக் கல்லுல சுண்ணாம்பு இருந்து பிஎச்சை ஏத்துதோன்னு வினிகர் விட்டேன், நுரைக்கல. அதனால கல்லு மேல சந்தேகம் இல்ல.

உப்பை வடிகட்டின ஆர்ஓ தண்ணி கலக்கலாம்னு நினைக்கிறேன். பாதிக்குப் பாதின்னா கேஎச் 7 வரும். டெட்ராவுக்கு அது போதுமா, இல்ல 4 வரைக்கும் இறக்கணுமா? அதுக்கும் கீழ போனா பிஎச் திடீர்னு சரிஞ்சிடும்னு பயமா இருக்கு. மோலியைத் தனித் தொட்டிக்கு மாத்தியே ஆகணுமா? நம்ம ஊர் தண்ணியிலயே பழகின பண்ணை டெட்ராக் குஞ்சு சென்னையில கிடைக்குதா?

ஆர்ஓ கழிவுத் தண்ணியை வேற என்ன பண்றதுன்னு தெரியல, பாத்ரூம் கழுவத்தான் ஆகும்போல.

போர் தண்ணியில டெட்ரா வச்சிருக்கவங்க பிஎச்சோட கேஎச் அளவையும் சேர்த்துப் போடுங்க.