ஸ்கிர்மியன் வைத்தால் கரைகிறது, டி கூட்டினால் கோடாகிறது: உதவி தேவை

கிளிநொச்சி மாணவி:
குரோமியம் மூவயடைட்டின் ஒற்றைப் படலத்தில் ஸ்கிர்மியன் (அணுக் காந்தங்கள் சுழன்று திரும்பி நிற்கும் நுண்ணிய காந்தச் சுழி) நிற்குமா என்று மியூமக்ஸ் 3 என்ற காந்தக் கணிப்பு மென்பொருளில் பார்க்கிறேன். 300 நனோமீற்றர் சதுரம், கணிப்புக்காக அதைப் பிரித்த சிறு கட்டம், அதாவது கலம், ஒன்று 5 நனோமீற்றர். மற்ற எண்கள் ஒரு பிளாட்டினம்–கோபால்ட் பயிற்சியில் எடுத்தவை. பக்கத்துக் காந்தங்களை ஒன்றுக்கொன்று சாய்த்துத் திருப்பும் சியலோஷின்ஸ்கி–மோரியா மாறிலி டி, 3 மில்லிஜூல்/சதுர மீற்றர். அந்தச் சுழியை நடுவில் வைத்து ரிலாக்ஸ் (ஆற்றல் குறைந்த நிலைக்கு இறக்கும் கட்டளை) கொடுத்தால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றுவிடுகிறது. டியை 5 ஆக்கினால் படம் முழுக்க விரல்ரேகை மாதிரிக் கோடுகள். நடுவில் கரண்டும் இரண்டு தரம் போய்விட்டது.

பரந்தன் வாசகர்:
வெப்பநிலையோ? அந்தப் படலம் 45 கெல்வினுக்குக் கீழேதானே காந்தமாகும்.

வவுனியா அண்ணை:
இல்லை, ரிலாக்ஸ் ஓடும்போது வெப்பநிலைக்கு வேலையே இல்லை.

தங்கச்சி, பிழை கலத்தில். நீங்கள் எடுத்தது பரிமாற்ற விறைப்பு (பக்கத்துக் காந்தங்களை ஒரே திசையில் பிடிப்பது) 15 பிகோஜூல்/மீற்றர், திசைச்சார்பு (படலத்துக்குச் செங்குத்தாக நிறுத்துவது) 0.8 மெகாஜூல்/கனமீற்றர், செறிவுக் காந்தமாக்கம் 580 கிலோஅம்பியர்/மீற்றர் என்றால், படலத்தின் சொந்தக் காந்தப்புலம் எதிர்க்கும் காந்தநீக்கப் பங்கைக் கழித்தால் திசைச்சார்பில் மிஞ்சுவது ஏறக்குறைய 0.59. இவற்றால் வரும் சுழியின் சுவர்த் தடிப்பு அளவு (காந்தங்கள் திரும்பும் எல்லையின் அகல அளவு) 5 நனோமீற்றர்தான். கலமும் அதே 5! சுவர் திரும்பவே இடமில்லை. 1 நனோமீற்றர் ஆக்குங்கள்.

கோடுகளுக்குக் காரணம் வேறு. விறைப்பையும் மிஞ்சிய திசைச்சார்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 4/பையால் பெருக்கினால் 3.8 மில்லிஜூல்/சதுர மீற்றர் வரும். டி அதைத் தாண்டினால் சுவர் போடுவதே ஆற்றலில் இலாபம், படலம் தானாகக் கோடுகளாகும்.

பெரிய சிக்கல் இன்னொன்று: இது குரோமியம் மூவயடைட்டே இல்லை, கோபால்ட். அசல் படலத்தில் பக்கத்துக் குரோமிய அணுக்கள் இரண்டின் நடுப்புள்ளி சமச்சீர் மையம், அதனால் அந்தச் சோடிக்கு டி பூச்சியம். படலத்தின் மேற்பக்கத்தில் ஒரு வகை அணுவும் கீழ்ப்பக்கத்தில் வேறு வகையும் வைத்து அந்தச் சமச்சீரைக் குலைத்தால் டி வரும். எனக்கென்றால் இரும்பு–ஜேர்மானியம்–தெலூரியப் படலம் பிடிக்கும். தங்குதன் தெலூரைட்டோடு அடுக்கி 2020இல் ஸ்கிர்மியனைக் கண்டார்கள்.

கிளிநொச்சி மாணவி:
அண்ணை, 1 ஆக்கினேன், நின்றுவிட்டது! நடுவில் கறுப்புப் பொட்டு, சுற்றிவர நிற வளையம். ஆனால் கலம் 25 மடங்கு, மெதுவாக ஓடுகிறது.

வவுனியா அண்ணை:
ரிலாக்ஸ் ஓடும்போது ஆட்டோசேவ் வேலை செய்யாது, ஒவ்வொரு ரிலாக்ஸும் முடிந்ததும் சேவ் கொடுங்கள், கரண்ட் போனாலும் முடிந்தது மிஞ்சும். அந்தக் கோட்டுப் படத்தை அழிக்காதீர்கள், 3.8க்கு அதுதான் சாட்சி.