திருடனைத்தானே அடிச்சாங்க, இதுல இனவெறி எங்க வந்துச்சு?

அகளி ஜீப்:
நேத்து வேலந்தாவளம் வியாபாரி இங்க எழுதினதை அப்படியே போடறேன், எல்லாரும் பாருங்க. "கேரளாவுல இனவெறின்னு ஒண்ணு கிடையாது. அட்டப்பாடி மது விஷயம் வெறும் திருட்டு விஷயம். கூட்டம் கொஞ்சம் கை மீறிப் போச்சு, அவ்வளவுதான்."

இதைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க. 2018 பிப்ரவரி 22. மதுங்கறவன் அட்டப்பாடி மலையில சிண்டக்கி ஊர் ஆதிவாசி, மனசு சரியில்லாம காட்டுக் குகையில கிடந்தவன். அரிசி திருடினான்னு சொல்லி அவனைக் காட்டுக்குள்ளயே போய்ப் புடிச்சு, கையைக் கட்டி, முக்காலிங்கற ஊர் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. வழியெல்லாம் அடி. கட்டின கையோட நிக்க வச்சு செல்ஃபி எடுத்தாங்க. போலீஸ் ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில உசுரு போயிடுச்சு. கை மீறிப் போறதுக்கு இது என்ன அடுப்புல வச்ச பாலா?

வேலந்தாவளம் வியாபாரி:
தம்பி, நான் முப்பது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கேன். ராத்திரி ஓட்டைப் பிரிச்சு எறங்கி மூட்டையைத் தூக்கிட்டுப் போனா என்ன வேதனைன்னு ஜீப் ஓட்டறவருக்குத் தெரியாது. நான் கேக்கறது ஒரே கேள்வி. அவன் அரிசி எடுத்தானா, இல்லையா?

சித்தூர் வாத்தியார்:
முதல்ல இனவெறின்னா என்ன, சாதிவெறின்னா என்ன, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு முடிவுக்கு வந்துட்டுப் பேசலாமே. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டுப் பேசினா எங்க போய் முடியும்?

வேலந்தாவளம் வியாபாரி:
மாஷே, வகுப்பை நாளைக்கு எடுங்க. எடுத்தானா, இல்லையா?

கோவை மைந்தன்:
மலையாளத்தான் புத்தியே அப்படித்தான். முல்லைப் பெரியாறு சமயத்துல நம்ம ஆளுங்களை என்ன பாடு படுத்தினாங்கன்னு பார்த்தோமே. அப்பவே இங்க சொன்னேன், இதே வாத்தியார்தான் "ரெண்டு பக்கமும் தப்பு"ன்னு எழுதினார். இன்னும் மறக்கலை.

அகளி ஜீப்:
மைந்தன், இதை மலையாளிங்க தலையில மட்டும் கட்டிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. 1951 கணக்குல அட்டப்பாடியில பத்துல ஒன்பது பேரு ஆதிவாசிங்க. இப்போ பாதிக்கும் கீழ. மீதி நிலம் எங்க போச்சு? மேற்க இருந்து வந்தவங்களும் வாங்கினாங்க, ஆனைகட்டி வழியா வந்த நம்ம ஆளுங்களும் வாங்கினாங்க. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். இருளர் வீட்டுப் பாட்டி ஜீப்புல ஏறினா, பக்கத்துல உக்காந்திருக்கறவங்க சேலையை இழுத்து ஒதுக்கிக்கிறாங்க. அந்தப் பாட்டி பேசறது தமிழுக்கு ரொம்ப நெருங்கின இருளர் பேச்சு. மாஷ் கேட்ட அர்த்தம் எனக்கு அந்தச் சேலையிலயே தெரியுது.

வேலந்தாவளம் வியாபாரி:
சேலை, பாட்டி, தாத்தா எல்லாம் வந்தாச்சு. அரிசி மட்டும் வரலை.

அகளி ஜீப்:
வருது. அவன் பையில இருந்தது கொஞ்சம் அரிசி, மிளகாய்ப் பொடி, அந்த மாதிரி சாமான். எடுத்தான்னே வச்சுக்குவோம். அதுக்குத் தண்டனை குடுக்க யாரு உங்களுக்கு அதிகாரம் தந்தது? 16 பேர் மேல கேஸ். 2023 ஏப்ரல்ல மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, அதுல 13 பேருக்கு 7 வருஷம் கடுங்காவல் குடுத்துச்சு. அதுவும் கொலைன்னு இல்ல, கொலையாகாத மரணம்னுதான்.

இதை விட என்னை அறுக்கறது சாட்சிங்க. 24 பேர் பல்டி அடிச்சாங்க. கோர்ட்டுல வீடியோ போட்டுக் காட்டறாங்க, ஒரு சாட்சி ஒண்ணும் தெரியலைன்னு சொல்றான். அந்த வீடியோவுல அவனே நிக்கறான்! நீதிபதி அவனைக் கண் டாக்டர்கிட்ட அனுப்பினார். டாக்டர் சோதிச்சுட்டு கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்தார். அத்தனையும் தாண்டித்தான் மதுவோட அம்மாவும் கூடப் பிறந்தவளும் அஞ்சு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாங்க.

கோவை மைந்தன்:
சாட்சி பல்டி அடிக்காத கேஸ் எங்க இருக்கு? அடிச்சது தப்புதான், யாரு இல்லைங்கறா. ஆனா வியாபாரி அண்ணன் கேக்கறதுலயும் நியாயம் இருக்கே. எடுக்காத ஆளை எதுக்குத் தேடிப் போறாங்க?

மூணாறு மங்கை:
நியாயமாம்! எங்களை "பாண்டி"ங்கறானுங்களே, நாங்க எதைத் திருடினோம்? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மலை சரிஞ்சு எங்க லயம், அதான் தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசை, மண்ணுக்குள்ள போச்சு. 70 பேர். எல்லாம் தேயிலை பறிக்கற தமிழ்ச் சனங்க. மறுநாள் கோழிக்கோடு பக்கம் கரிப்பூர்ல விமானம் விழுந்துச்சு. முதலமைச்சர் அடுத்த நாளே அங்க போனார், எங்ககிட்ட வர 13ஆம் தேதி ஆச்சு. அங்க செத்தவங்களுக்கு 10 லட்சம், எங்க சனத்துக்கு 5 லட்சம். இதுக்கு என்ன பேர் வைப்பீங்க மாஷ்?

சித்தூர் வாத்தியார்:
அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா அப்போ மூணாறுக்கு ஹெலிகாப்டர் எறங்க முடியாத மழை. அப்புறம் குட்டியாறுல வீடும் கட்டிக் குடுத்தாங்க. "பாண்டி"ங்கறது பாண்டிய நாட்டுக்காரன்னு அர்த்தம் தர்ற பழைய சொல்லு. அதுல வசை இல்லை.

மூணாறு மங்கை:
எட்டு வீடு, மாஷ். எழுபது உசுருக்கு எட்டு வீடு. சொல்லுல வசை இல்லையா? எங்க பொண்ணு எட்டாவது படிக்கறப்ப கூடப் படிக்கறவ அப்படிக் கூப்பிட்டான்னு மூணு நாள் பள்ளிக்கூடம் போகலை. நீங்க வந்து அவளுக்குப் பாண்டிய நாட்டு வரலாறு நடத்தியிருக்கலாம்.

வேலந்தாவளம் வியாபாரி:
மழைக்கும் விமானத்துக்கும் நான் பொறுப்பில்லை. பேச்சு மாறுது. எடுத்தானா?

அகளி ஜீப்:
அண்ணா, 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஞாபகம் இருக்கா? சேஷாசலம் காட்டுல ஆந்திரா போலீஸ் 20 பேரைச் சுட்டுப் போட்டுச்சு. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துல இருந்து கூலிக்குப் போனவங்க. "செம்மரம் வெட்ட வந்த திருடங்க, கல்லால அடிச்சாங்க, சுட்டோம்"னு போலீஸ் சொன்னப்போ நீங்க இதே இடத்துல என்ன எழுதினீங்க? தேடி எடுத்துட்டேன். "மரம் வெட்டினா கோர்ட்டுல நிறுத்து, நாயைச் சுடற மாதிரி சுடறதுக்கு நீ யாரு?" உங்க வார்த்தைதான் அண்ணா. அன்னைக்கு "வெட்டினானா இல்லையா"ன்னு நீங்க கேக்கலை. செத்தவன் நம்ம ஆளுன்னு உங்களுக்கு வலிச்சுது.

வேலந்தாவளம் வியாபாரி:
அது வேற, இது வேற. அங்க சுட்டது போலீஸ். இங்க ஊர்க்காரங்க ஆத்திரத்துல செஞ்சது. பத்து வருஷத்துக்கு முந்தி எழுதினதைத் தோண்டி எடுக்கறதுதான் உங்க பொழப்பா? போன ஓணத்துக்குத் தேங்காய் விலை பேச்சுல நான் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் இவ்வளவும் பேசறீங்க.

அகளி ஜீப்:
தேங்காய்க்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? நான் எதை மனசுல வச்சிருக்கேன்னு சொல்றேன். மது கையைக் கட்டி நிக்கற அந்தப் படம் அன்னைக்கு சாயங்காலமே என் போனுக்கு வந்துச்சு. நான் பார்த்தேன். கீழ என்ன எழுதியிருந்துச்சோ அதை நம்பி நாலு குரூப்புக்கு அனுப்பினேன். அனுப்பினப்போ அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாது. அந்த மூஞ்சியைப் பெருசு பண்ணிக்கூடப் பார்க்கலை.

போன மாசம் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுல வடக்க இருந்து வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் கீழ விழுந்து கிடந்தான். இருபது வயசுகூட இருக்காது. கையெல்லாம் சிமென்ட் காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு. டிபன் டப்பா திறந்து சோறு தரையில. சுத்தி முப்பது பேர். "பெங்காலி குடிச்சுட்டுக் கிடக்கறான்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போறாங்க. வலிப்பு வந்து வாயோரம் நுரை. கட்டணக் கழிப்பிடத்துல காசு வாங்கற அம்மாதான் ஓடி வந்து அவனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. நானும் ரெண்டு நிமிஷம் நின்னு பார்த்துட்டுத்தான் கிட்டப் போனேன். அந்த ரெண்டு நிமிஷத்தை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் போகுது.

கோவை மைந்தன்:
சரி, அவன் குடிச்சிருந்தானா இல்லையா?

அகளி ஜீப்:
இதைத்தான் நீங்க எல்லாரும் முதல்ல கேக்கறீங்க. திருடினானா, குடிச்சானா, வெட்டினானா. அவனுக்கு உசுரு இருக்கான்னு கேக்க மாட்டேங்கறீங்க.

சித்தூர் வாத்தியார்:
அந்தப் பையன் வங்காளியா பீகாரியான்னு தெரியாமலே பெங்காலிங்கறாங்க பாருங்க, அதுவும் தப்புதான். இதுக்குத்தான் வரையறை வேணும்னு முதல்லயே சொன்னேன்.

கோவை மைந்தன்:
வரையறையாம். நம்ம ஊருல வடக்கன் வந்து கூலியைப் பாதியாக்கிட்டான், அதை யாராவது பேசறீங்களா?

அகளி ஜீப்:
"வடக்கன்." மங்கை பொண்ணு கேட்ட வார்த்தையும் இதுவும் ஒரே சுருதி, மைந்தன்.

கோவை மைந்தன்:
என்னையும் சேர்த்துட்டீங்களா? நல்லது. நான் யாரையும் அடிக்கலை.

அகளி ஜீப்:
முக்காலியில நின்னவங்கள்ல பாதிப் பேரும் அடிக்கலை.

வேலந்தாவளம் வியாபாரி:
இத்தனை நேரமா கதை சொன்னீங்க. என் கேள்விக்கு ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை வரலை. அரிசி எடுத்தானா, இல்லையா?

அகளி ஜீப்:
எடுத்தான்னே வச்சுக்குவோம்னு மேலயே எழுதியிருக்கேன், படிங்க. பசிக்கு எடுத்திருந்தா உங்க கடையில இருந்தே எடுத்ததா வச்சுக்குங்க, அந்த அரிசிக்குக் காசு நான் தர்றேன். என்ன விலைன்னு சொல்லுங்க.

வேலந்தாவளம் வியாபாரி:
உங்க காசு எனக்கு வேண்டாம்.

மூணாறு மங்கை:
மாஷ், நீங்க எனக்கு இன்னும் சொல்லலை. 10 லட்சமா, 5 லட்சமா?