நிர்வாணாவைத் தூக்கிவிட்டது எது: 606 டாலர் பதிவா, பெரிய ஸ்டுடியோவா?

தகடூர் பேஸ் (தர்மபுரி)
கிட்டார், பேஸ், டிரம்ஸ் என மூன்று பேர் கொண்ட குழு. ஆறு தமிழ்ப் பாட்டு தயார். கையில் இருப்பது 30,000 ரூபாய். தர்மபுரியிலேயே ஓர் அறையில் பதிவு செய்வதா, பெங்களூரு ஸ்டுடியோவுக்குப் போவதா? உள்ளூரே போதும் என்பது என் கட்சி. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பம் ‘பிளீச்’தான் சாட்சி. 1988 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1989 ஜனவரியில் முடித்தார்கள். எட்டு டிராக் டேப், மொத்தச் செலவு 606.17 டாலர். குழுவின் பாடகரும் பாட்டு எழுதுபவருமான கர்ட் கோபேன் பெருநகரமான சியாட்டிலைச் சேர்ந்தவரும் இல்லை, மரம் அறுக்கும் தொழிலை நம்பியிருந்த அபர்டீன் என்ற சிற்றூர்க்காரர். அந்த ஆல்பம் வந்தபோதும் அவர் குடியிருந்தது ஒலிம்பியாவில்.

ஓசூர் ரிதம்
தம்பி, உங்க சாட்சி உங்களுக்கு எதிராத்தான் பேசுது. அந்தப் பணத்தை எடுத்துக்கிட்டு அவங்க போனது சியாட்டில் ரெசிப்ரோக்கல் ஸ்டுடியோவுக்கு, ஜாக் எண்டினோங்கிற ஒலிப்பதிவாளர்கிட்ட. குடியிருந்தது வெளியூர், வேலை முடிச்சது நகரத்துல. அதோட அவங்க ரெண்டாவது ஆல்பம் ‘நெவர்மைண்ட்’ வர்றதுக்கு முன்னாடி ‘பிளீச்’ வித்தது ஏறக்குறைய 40,000 பிரதி. ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பர் 24ல வந்து, 1992 ஜனவரியில மைக்கேல் ஜாக்சனோட ‘டேஞ்சரஸ்’ஸைத் தள்ளிட்டு அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்டுல முதலிடம் போச்சு. பாட்டு எழுதினவர் அதே ஆள்தான். மாறினது தயாரிப்பாளர் புட்ச் விக், சவுண்ட் சிட்டி ஸ்டுடியோ, ஆண்டி வாலஸோட மிக்ஸ் (தனித்தனியா எடுத்த ஒலிகளைக் கலந்து சமன் பண்றது).

தகடூர் பேஸ்
டிரம்மர் மாறியதை விட்டுவிட்டீர்கள், அண்ணா. 1990 ஏப்ரலில் மேடிசன் ஊரின் ஸ்மார்ட் ஸ்டுடியோவில் இதே புட்ச் விக்கிடம் அவர்கள் ஒரு முறை பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது டிரம்ஸில் சாட் சானிங். அந்தப் பதிவில் ‘பாலி’ மட்டும்தான் அப்படியே ‘நெவர்மைண்ட்’டில் சேர்ந்தது. செப்டம்பரில் டேவ் குரோல் வந்தார், டகோமாவில் மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. ஒரே தயாரிப்பாளர் இரண்டு முறையும் இருந்தும் பலன் வேறு என்றால், வித்தியாசம் ஒத்திகை அறையில், சேர்ந்து வாசித்துப் பழகியதில் உண்டானதுதானே?

கிருஷ்ணகிரி கன்சோல்
ரெண்டு பேரும் வரலாறு பேசுறீங்க. பதிவு பண்ணப்போற அறையைப் பத்தி யாரும் வாய் திறக்கலை.

நம்ம பக்கம் மாடியில வாடகைக்குக் கிடைக்கிற அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து, கான்கிரீட் கூரையும் பத்தடி. பதிவுக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. மூணு பக்கமும் ஒரே அளவா இருந்தா மூணும் சேர்ந்து ஒரே சுரத்தைத்தான் ஊதிவிடும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரோட ‘ஏ’ கம்பியைச் சும்மா தட்டினா 55. அந்த ஒரு சுரம் மட்டும் அண்டா மாதிரி அதிரும், பக்கத்துச் சுரம் காணாமப் போகும். மிக்ஸ்ல ஈக்வலைசரை வெச்சு அந்தச் சுரத்தை வெட்டினா, காலால அடிக்கிற கிக் டிரம்மும் சேர்ந்து செத்துடும். அதனால நீளம், அகலம், உயரம் மூணும் வேறவேறயா இருக்கிற கூடத்தைத் தேடுங்க. கூரைக்கு நேர் கீழே சிம்பல் இருக்கிற இடத்துல இலவம்பஞ்சு மெத்தை ரெண்டைக் கட்டித் தொங்கவிடுங்க. மூலைகள்லயும் சுருட்டி நிறுத்துங்க. முட்டை அட்டை ஒட்டுறது வீண்வேலை, அது கனத்த ஒலியைத் தொடவே தொடாது.

அடுத்தது மின்சாரம். முதல்ல மல்டிமீட்டரை வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாருங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபண்ணிட்டுத்தான் ஆம்ப்பைச் சொருகணும். இரைச்சல் போகணும்னு எர்த் பின்னை மட்டும் ஒடிச்சுடாதீங்க. கை கம்பியில, உதடு மைக்குல இருக்கும்போது ஷாக் அடிச்சா உயிருக்கே ஆபத்து. ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, சதுர அலை இன்வெர்ட்டர் எல்லாம் சிங்கிள் காயில் (மின் இரைச்சலைச் சுலபமா இழுக்கிற வகை) கிட்டார்ல ‘ஙொய்’னு கேட்கும். எல்லாத்தையும் அணைச்சுடுங்க. கரண்ட் போனா பதிவை நிறுத்துங்க. 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை பக்கம்னா ராத்திரி அமைதியா இருக்கும்னு நம்பாதீங்க, லாரி ராத்திரிதான் அதிகம். பேஸைத் தவிர மத்த மைக் எல்லாத்துலயும் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க.

தகடூர் பேஸ்
அருமை. நான்கு மைக், அவற்றைக் கணினியில் இணைக்கும் நான்கு இன்புட் இன்டர்ஃபேஸ் என்றால் டிரம்ஸை எப்படிப் பிடிப்பது?

கிருஷ்ணகிரி கன்சோல்
கிக்குக்கு ஒண்ணு, ஸ்னேருக்கு (கூர்மையா ஒலிக்கிற சின்ன டிரம்) ஒண்ணு, மேலே ரெண்டு. மேலே இருக்கிற ரெண்டும் ஸ்னேரோட நடுவுல இருந்து சம தூரத்துல இருக்கணும். கண் மதிப்பு வேண்டாம், ஒரு கயிறை ஸ்னேர் நடுவுல பிடிச்சு அளந்து வைங்க. தூரம் மாறினா ஒரே அடி ரெண்டு தடவை வந்து சேர்ந்து ஸ்னேர் தகரமாயிடும். அப்புறம் ஒவ்வொரு மைக்கோட ஃபேஸையும் (ஒலி அலையோட மேல்கீழ் திசை) திருப்பிக் கேளுங்க. கனம் கூடுற பக்கம்தான் சரி. உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஆவேசமா பாடுற குழுவுல டிரம்மர் சவுண்ட் செக்ல அடிக்கிறதைவிட டேக்குல, அதாவது நிஜப் பதிவுல, பலமா அடிப்பார்.

ஓசூர் ரிதம்
நாலு இன்புட்டும் டிரம்ஸுக்கே போயிட்டா கிட்டாரும் பேஸும் பிறகுதானே? அப்போ ‘சேர்ந்து வாசிப்பு’ங்கிற வாதம் அங்கேயே உடைஞ்சுடுது. அப்புறம் கிளிக், அதாவது ஹெட்போன்ல தாளம் தட்டிக்கிட்டே இருக்கிற ஒலி. குரோல் மாதிரி ஆளே ‘நெவர்மைண்ட்’ல இருக்கிற ‘லித்தியம்’ பாட்டுல வேகம் கூடிக்கிட்டே போனதால அதுக்குக் கிளிக் வெச்சாங்க. மெதுவா ஆரம்பிச்சு வெடிக்கிற பாட்டுக்குக் கிளிக் இல்லைன்னா ரெண்டாவது பல்லவியில குழு ஓட ஆரம்பிச்சுடும்.

அதே ஆல்பத்தோட ‘சம்திங் இன் தி வே’ பாட்டைப் பாருங்க. கோபேன் கட்டுப்பாட்டு அறையில இருந்தபடியே, சுருதி சேராத பழைய கிட்டாரை வெச்சுப் பாடினார். கேட்க உருக்கம்தான். ஆனா பின்னாடி வாசிச்ச செல்லோ, பேஸ் எல்லாம் அந்தத் தப்புச் சுருதிக்குத் தங்களை இறக்கிக்க வேண்டியதாச்சு, டிரம்ஸும் பாட்டுக்குப் பின்னாடிதான் போச்சு. பெரிய ஸ்டுடியோ தாங்கும். 30,000 ரூபாய் தாங்காது.

தகடூர் பேஸ்
கிளிக்கை ஒரு பாட்டுக்குத்தான் வைத்தார்கள், ஆல்பம் முழுக்க இல்லை. உலகமே கையில் இருந்தபோது அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். அடுத்த ஆல்பமான ‘இன் யூட்டெரோ’வுக்கு 1993 பிப்ரவரியில் மின்னசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோவுக்குப் போய் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினியைப் பிடித்தார்கள். பெரும்பாலும் மூவரும் சேர்ந்து வாசித்து இரண்டு வாரத்தில் முடித்தார்கள். ஆல்பினி ராயல்டியே வேண்டாம் என்று மொத்தமாக ஒரு லட்சம் டாலர் மட்டும் வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் தங்கள் இஷ்டப்படி செய்த ஆல்பம் இப்படித்தான் உருவானது.

ஓசூர் ரிதம்
அதுலயும் ரெண்டு பாட்டை ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் பண்ணினார். காரணம் குரலும் பேஸும் போதுமான அளவு மேலே வரலைங்கிற குறை. உங்களோடது தமிழ்ப் பாட்டு, வரி புரியலைன்னா என்ன இருக்கு? ‘நெவர்மைண்ட்’ல விக் செஞ்சதைச் செய்யுங்க. குரலை ரெண்டு தடவை பாடிச் சேர்க்கணும். கோபேன் மறுத்தப்போ, பீட்டில்ஸ் குழுவோட ஜான் லெனன்கூட இப்படித்தான் பாடினார்னு சொல்லிச் சம்மதிக்க வெச்சார். தமிழ்ல ஒரு சிக்கல் உண்டு. ‘விட்டு’, ‘பத்து’ மாதிரி வல்லின ஒற்று ரெண்டு டேக்குலயும் துல்லியமா சேரலைன்னா இரட்டைக் கைதட்டல் மாதிரி கேட்கும். அதனால ரெண்டாவது டேக்குல ஒற்றை மெல்லத் தொட்டு, உயிரெழுத்தை மட்டும் நிறைச்சுப் பாடணும். அதை முதல் டேக்கைவிட ஆறு டெசிபல் கீழே வெச்சா போதும்.

பாரூர் வரிகள்
இடையில் ஒன்று. பதிவுக்கு முன் யார் வரி, யார் மெட்டு என்று சதவீதத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நிர்வாணாவில் முதலில் ராயல்டியைச் சமமாகப் பிரித்தார்கள். ‘நெவர்மைண்ட்’ ஓடிய பிறகு கோபேன் மெட்டில் முக்கால் பங்கையும், வரிகள் முழுவதையும் கேட்டு, அதைப் பின்தேதியிட்டும் வாங்கினார். குழு உடையும் நிலைக்குப் போனது அப்போதுதான்.

கிருஷ்ணகிரி கன்சோல்
என் கணக்கு இது. டிரம்ஸுக்கு மட்டும் பெங்களூருல ஒரு நாள், ஆறு பாட்டும். பேஸை நேரா இன்டர்ஃபேஸ்ல சொருகித் தர்மபுரியிலேயே எடுத்துக்கலாம். கிட்டார், குரலுக்கும் உள்ளூர் அறை போதும். டிரம்ஸுக்குப் புதுத் தோலை முந்தின நாளே மாட்டிடுங்க. சுருதி இறங்கி நிலைக்க ஒரு ராத்திரி வேணும்.

தகடூர் பேஸ்
ஒரு நாள் பெங்களூருவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரம்மரை மட்டும் அனுப்ப மாட்டேன். மூவரும் போய், ஹெட்போனில் ஒருவரை ஒருவர் கேட்டபடி சேர்ந்து வாசிப்போம், கிளிக் இல்லாமல். கிட்டாரும் பேஸும் பிறகு அழிக்கப்பட்டாலும் பரவாயில்லை.

ஓசூர் ரிதம்
மெதுவா ஆரம்பிக்கிற ரெண்டு பாட்டுக்காவது கிளிக் வைங்க. பல்லவியில மூணு பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தாள அடிங்கிற கணக்கு) ஏத்தி முன்கூட்டியே அமைச்சுடலாம், வேகமும் இருக்கும், ஓட்டமும் இருக்காது. மத்த நாலையும் உங்க இஷ்டப்படி வாசிங்க.