முன்னங்கால் நரம்பு (தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண், டெண்டன்) போன குதிரையைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பழைய லாயக்காரன்:
சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5 கடைசி ரேஸ் வரை லாயத்தில் இருந்தவன். ஒரு காலை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. பயிற்சிக்கு முன்னால் குனிந்து கால் தடவுகிறேன், இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கம், விரலகலத்துக்கு ஒரு சூடு. வீக்கம் இல்லை. வலது காலைத் தொட்டுவிட்டு மறுபடி தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். சொன்னேன். ஓடவிட்டுப் பார்த்தார்கள், நொண்டவில்லை. "ராத்திரி கட்டின பேண்டேஜ் சூடுண்ணே" என்று ஒரு தம்பி சிரித்தான். அந்த வாரமே ரேஸ். திரும்பி வந்ததும் தண்ணீர் பீய்ச்சினால், நேராக இறங்க வேண்டிய நரம்பு வில் மாதிரி பின்னுக்குப் புடைத்து நிற்கிறது. குளம்பின் நுனியை மட்டும் ஊன்றிக்கொண்டு என் சட்டைப் பையில் கேரட் தேடியது. அப்புறம் அது ஓடவே இல்லை.

ஈசூன் அம்மா:
என் மகள் ஏறும் குதிரையேற்றப் பள்ளிக் குதிரை, ரேஸில் ஓடி ஓய்ந்தது. மழை பெய்து மணல் கனத்துக் கிடந்தது, வகுப்பை நிறுத்தவில்லை. ஒரு தாண்டலுக்குப் பிறகு மகள், "அம்மா, அவன் தலைய ஆட்டுறான்" என்றாள். ஒரு முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எழும்பியது. பயிற்சியாளர் "சோம்பேறித்தனம்" என்றார். ஸ்கேனில் நரம்பின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை!

போலோ பித்தன்:
அக்கா, மணலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நான் பார்த்தது போலோ ஆட்டத்தில், சக்கர் (ஆட்டத்தின் ஒரு சுற்று) முடியும் நேரம், களைத்த குதிரையைச் சட்டென்று திருப்பினார்கள், அவ்வளவுதான். முட்டிக்குக் கீழே தசையே கிடையாது, பாரமெல்லாம் நரம்புக்குத்தான். முழு வேகத்தில் அது 16 விழுக்காடு வரை நீளும், அறுந்துபோகும் எல்லையும் அதற்குப் பக்கத்தில்தான். நரம்பின் நடுப்பகுதி 45 டிகிரி வரை சூடாகும். அதனால் குதிரைக் காலில் மாட்டும் பூட்ஸை ஓட்டம் முடிந்த கையோடு கழற்றிக் குளிர்ந்த நீர் பீய்ச்சுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐஸ் இன்னும் நல்லது. லாடக்காரரைத் தள்ளிப்போடாதீர்கள், குளம்பின் முனை நீண்டு குதி தாழ்ந்தால் நரம்புக்கு இழுப்பு கூடும். பெரிய ஆபத்து அடிபட்ட பிறகுதான். நொண்டல் சில வாரத்தில் போய்விடும், ஆறிவிட்டதென்று ஏறிவிடுவார்கள். உள்ளே தழும்பு பழையபடி நீளாது, மறுபடி போகும். கையில் பிடித்து நடத்துவதில் தொடங்கி, ஸ்கேன் பார்த்துப் பார்த்து, ஒன்பது மாதம், ஒரு வருஷம் பொறுக்க வேண்டும்.

தேக்கா தாத்தா:
தம்பி, பழைய புக்கிட் தீமா பந்தயத் திடல் காலத்தில் தைலம் தேய்த்து இறுக்கக் கட்டுவோம். ஸ்கேனா இருந்தது?

போலோ பித்தன்:
தாத்தா, புது அடிக்குச் சூட்டுத் தைலம் ஆகாது, எரிச்சல்தான் கூடும். கட்டை இறுக்கினால் அதுவே நரம்பைப் புண்ணாக்கும். பஞ்சு வைத்து, ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

பழைய லாயக்காரன்:
கட்டு விஷயத்தில் தம்பி சொல்வது சரி. ஆனால் காலையும் மாலையும் வெறுங்கையால் இரண்டு காலையும் தடவிப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? பூட்ஸ், ஐஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதிருக்கட்டும், உங்கள் போலோ குதிரை என்ன ஆச்சு?

போலோ பித்தன்:
மலேசியாவில் ஒரு பண்ணைக்குப் போய்விட்டதாகக் கேள்வி அண்ணே. அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.