சேலத்திலிருந்து திடீரென்று கிளம்பி ஓர் இரவு கடலோரத்தில் தங்க எந்த ஊர் ஏற்றது?

அஸ்தம்பட்டிவாசி:

வணக்கம். நானும் என் மனைவியும் சேலத்தில் வேலை பார்க்கிறோம். அவர் செவிலியர் என்பதால் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு அமைவது அரிது. அமைந்தாலும் முந்தைய நாள் மாலையில்தான் அது உறுதியாகும். அப்படிப்பட்ட நாள்களில் இதுவரை ஏற்காட்டுக்கே போய்வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் மனப்பாடமாகிவிட்ட நிலையில், "ஏரியைப் பார்த்தது போதும், ஒரு தடவையாவது கடலைக் காட்டுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடிவெடுத்து, 4 மணிக்கெல்லாம் காரில் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சுமார் 220 கிலோமீட்டர். சாலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குள் நுழைந்து ஏழு விடுதிகளில் கேட்டும் அறை இல்லை. எட்டாவதில் அறை இருந்தது. மனைவியின் ஆதாரில் அவருடைய அப்பாவின் பெயரும் பழைய முகவரியும் இருப்பதைப் பார்த்து வரவேற்பில் இருந்தவர் தயங்கினார். கைப்பேசியில் திருமணப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகே சாவி கைக்கு வந்தது. கடற்கரைச் சாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது இரவு மணி 11.30. இருட்டில் அலைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, மறுநாள் களைப்பில் எட்டரை மணிவரை தூங்கி, அப்படியே திரும்பிவிட்டோம்.

முன்பதிவு செய்ய வாய்ப்பில்லாத எங்களைப் போன்றவர்கள் ஓர் இரவு நிம்மதியாகத் தங்கிவர எந்தக் கடலோர ஊர் சரியாக இருக்கும்? கூட்டம் குறைவாக இருந்தால் நல்லது.

கொலுசுப்பட்டறை:

தரங்கம்பாடிக்குப் போங்கள். ஆத்தூர், பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டியிருக்கும் என்பதால் ஆறு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்தப் பாதையை நான் விடமாட்டேன்: கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும், சற்றுத் தொலைவில், அணைக்கரையில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் குறுகலான பாலத்தில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டிக்காகக் காத்து நிற்பதே ஓர் அனுபவம்.

ஊர் மிகச் சிறியது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-இல் இவ்வூரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள் என்பதை அந்தத் தெருக்களில் நடக்கும்போது நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். இன்று சேலத்தில் ஒரு மனைகூட அந்த விலைக்கு வராது. 1706-இல் வந்திறங்கி 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். அது ராஜ வீதியில் உள்ளது. கோட்டைக்கு வடக்கே, கடலோடு ஒட்டி, 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஓசோன் மிகுந்த கடற்கரை என்று அங்கே சொல்வார்கள். அதை நம்பிப் போக வேண்டாம், காற்று நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வாழப்பாடிப் பாட்டி:

தம்பி, ஊரை மாற்றினால் மட்டும் போதாது. நீங்கள் செய்த தவறு புதுச்சேரிக்குப் போனதில் இல்லை. பிற்பகலில் புறப்பட்டதில்தான் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் உதிக்குமே தவிர, கடலில் மறையாது. ஆகவே ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு உண்மையான வரவு மறுநாள் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை மணிவரைதான். இரவு பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்து அறைக்கு அலைகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தைத் தூங்கியே தொலைத்துவிடுகிறார்கள். விடுப்பு மாலையில் உறுதியானால் முடிவை அப்போதே எடுங்கள். கிளம்புவதை மட்டும் விடியற்காலை நான்கரை மணிக்குத் தள்ளிவையுங்கள். பகல் பதினோரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தால், முந்தைய இரவு தங்கியவர்கள் காலி செய்யும் நேரமாகவும் இருக்கும்.

தரங்கம்பாடியில் விடுதிகள் சில மட்டுமே உண்டு. அங்கே கிடைக்காவிட்டால் வழியிலேயே இருக்கும் திருக்கடையூரில் கேளுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிறவர்களை நம்பியே அங்கே ஏராளமான விடுதிகள் நடக்கின்றன. ஆனால் முகூர்த்த நாளாக இருந்தால் திண்ணைகூட மிஞ்சாது, நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். எங்கள் அறுபதாம் கல்யாணத்தின்போது இருபது உறவினர்களை நான்கு அறைகளில் அடைத்து வைத்த பாவம் என் கணக்கில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரம்மாவுடைய ஆதாரில் முகவரியை மாற்றி, கணவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அதுவரை திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலைக் காரிலேயே வைத்திருங்கள்.

மீன்குழம்புப் பிரியன்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே கரைக்கு வரும், விலையும் ஏறியிருக்கும். மீனுக்காகப் போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அறையை விட்டு வெளியே வரவே முடியாது.

அஸ்தம்பட்டிவாசி:

அனைவருக்கும் நன்றி. சென்ற புதன்கிழமை இரவு விடுப்பு உறுதியானது. வாழப்பாடிப் பாட்டி சொன்னபடியே வியாழன் விடியலில் 4.40-க்குப் புறப்பட்டோம். ஆத்தூரில் தேநீர், ஜெயங்கொண்டத்தில் இட்லி. அணைக்கரைப் பாலத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. மனைவி இறங்கிப் போய்த் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம் மேட்டூர்த் தண்ணீர்தானே" என்றார். 11.15-க்குத் தரங்கம்பாடியில் இரண்டாவது விடுதியிலேயே அறை கிடைத்தது. சான்றிதழ் நகலை நான் எடுத்து நீட்டியபோது அங்கிருந்த பெரியவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது சிறிய ஏமாற்றம்.

கோட்டையையும் ஆலயத்தையும் மாலைக்குள் பார்த்து முடித்து, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டோம். மறுநாள் காலை 5.30-க்குக் கோயிலுக்குப் பக்கத்தில் அலைக்கு அரணாகக் கொட்டியிருக்கும் பாறைகளின்மேல் உட்கார்ந்தோம். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஒரு ஃபைபர் படகு கரை ஏறியது. அதிலிருந்து இறக்கிய வலையை மணலில் விரித்து, கணவனும் மனைவியுமாக இருவர் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, சிக்கியிருந்த நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். கண்ணியை அறுக்காமல், நண்டின் காலை மடக்கி, பின்பக்கமாக நழுவவிடும் அந்த வேலையில் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. என் மனைவி சூரியனைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாவிடம் ஒரு கிலோ நண்டு கேட்டார். "ஆறு மணி நேரம் வெயிலில் கொண்டுபோனால் கெட்டுவிடும், இங்கேயே சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று விற்க மறுத்துவிட்டார்கள்.

அடுத்த தடவை ஐஸ் பெட்டியோடு போவதாக இருக்கிறோம். சேலத்தில் நல்ல பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.